அசையாத கியர் நாப்: பழைய காரில் அதைக் கழற்றும் முறை

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர் என்றைக்காவது ஒருநாள் கியர் நாப்பை, அதாவது கியர் லீவரின் தலையில் இருக்கும் கைப்பிடி உருண்டையை, கழற்றித்தான் ஆகவேண்டும். அந்தக் காரில் கியர்பாக்ஸ் வண்டிக்கு அடியில் இறங்காது. முன் சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் மூடியை எடுத்துவிட்டு, உள்பக்கமாகவே மேலே தூக்கவேண்டும். மூடியையும், லீவரின் அடியை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டையும் லீவர் வழியாக உருவி எடுக்கப் போனால் தலையில் நாப் உட்கார்ந்திருக்கும். கிளட்ச் பிளேட் மாற்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் உற்சாகமாக உட்கார்ந்தவர், எலுமிச்சம்பழ அளவு உருண்டை ஒன்றோடு மதியம் வரை மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

ஹெரால்டை நான் உதாரணத்துக்கு எடுப்பதற்குக் காரணம் உண்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்து 1959-இல் பிரிட்டனில் வெளிவந்த இந்தக் கார், 1961 முதல் சென்னையில் தயாரானது. பிரிட்டனில் இரண்டு கதவோடு நின்றுபோன ஹெரால்டுக்கு நம் ஊரில்தான் நான்கு கதவு வைத்தார்கள். மிஞ்சியிருப்பவை கடலோர ஊர்களில் இருந்தால், உப்புக்காற்றும் கை வியர்வையும் சேர்ந்து நாப்பை லீவரோடு ஒட்டவைத்திருக்கும். இருந்தாலும் இங்கே சொல்லப்போவது பீட்டிலுக்கும் எம்ஜிக்கும் ஜீப்புக்கும் பொருந்தும். ஸ்டியரிங் பக்கத்தில் கை கியர் வைத்த பழைய அம்பாசடர், பத்மினிக்கும் பெரும்பாலும் பொருந்தும். அங்கே லீவர் மெலிசு, அதனால் கூடுதல் பொறுமை வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு ஏறக்குறைய ஒன்றேதான்: நாப் வரவில்லை என்றதும் இன்னும் பெரிய ஸ்பேனரைத் தேடுவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாப்பில் துணியைச் சுற்றி, பைப் ரெஞ்ச் போட்டு, காலை சீட்டில் உதைத்துக்கொண்டு திருப்பினேன். 'டக்' என்று சத்தம் வந்தது. வெற்றி என்று நினைத்தேன். நாப் இருந்த இடத்திலேயே இருந்தது, திரும்பியது லீவர். அடியில் அதைத் தாங்கும் நைலான் புஷ் இரண்டாகப் பிளந்து, ரிவர்ஸ் எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விட்டது. நாப் போனால் இன்னொன்று வாங்கலாம். கியர்பாக்ஸ் மேல்மூடியைத் திறந்தால் அது வேறு கணக்கு. ஆகவே கீழே வரும் எல்லா வேலைக்கும் ஒரே விதி: நீங்கள் கொடுக்கும் விசை நாப்புக்கும், அதற்குச் சற்றுக் கீழே உள்ள லீவருக்கும் நடுவிலேயே முடிந்துவிட வேண்டும். ஒரு துளியும் கியர்பாக்ஸுக்கு இறங்கக்கூடாது.

தொடுவதற்கு முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வேலை நடக்கும்போது கியர் தானாக விழலாம், எழலாம். பிறகு கியரை இரண்டிலோ நாலிலோ போடுங்கள். வழக்கமான நாலு கியர் அமைப்பில் அப்போது லீவர் பின்பக்கம் சாய்ந்து, டாஷ்போர்டை விட்டு விலகி, கைக்கு வாகாக வரும். சாவி காரில் இருக்கவேண்டாம்.

நாப்பின் மேலோ பக்கத்திலோ சுவிட்ச் இருந்தால் பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். 1977 மாடல் முதல் எம்ஜிபி காரில் ஓவர்டிரைவ் (என்ஜின் வேகத்தைக் குறைக்கும் கூடுதல் கியர்) சுவிட்ச் கியர் நாப்பின் தலையில்தான் இருக்கும். வயர் லீவருக்குள் இறங்கும். அதைத் தெரியாமல் நாப்பைப் பத்துச் சுற்று சுற்றினால் வயரும் பத்துச் சுற்று முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். முதலில் சுவிட்சை மட்டும் நெம்பி எடுத்து, வயரை விடுவித்த பிறகே மற்ற வேலை. பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனை எர்த் ஆகியிருக்கும். 'கறுப்பு வயர்தான் எர்த்' என்ற நினைப்பில் கைவைக்காமல், எந்த வயர் பாடியோடு போல்ட் செய்யப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

சீட்டு, கார்ப்பெட், ரப்பர் பூட் மூன்றையும் பழைய போர்வையால் மூடிவிடுங்கள். மண்ணெண்ணெயும் துருநீக்கி எண்ணெயும் இயற்கை ரப்பரை ஊதிப் போகச்செய்யும். நாப்பை மீட்டுவிட்டு பூட்டை இழப்பதில் லாபமில்லை.

எப்படி மாட்டியிருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்வரை பலம் காட்டாதீர்கள். அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை. ஒரு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் போதும். கண்ணாடியை நாப்பின் அடியில் பிடித்து, சுற்றிலும் பாருங்கள்.

லீவரில் மரை தெரிகிறதா? தெரிந்தால் அது திருகு வகை. பழைய கார்களில் இதுதான் அதிகம். மரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்றும் பார்த்துவையுங்கள். லீவர் செங்குத்தாக நிற்கும்போது மரைக் கோடுகள் வலப்பக்கம் உயர்ந்தால் அது வழக்கமான வலது மரை. மேலிருந்து பார்க்கும்போது நாப்பைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழன்று வரும். கியர் நாப்பில் இடது மரையை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்துவிட்டுத் திருப்புவதில் நஷ்டமும் இல்லை.

நாப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு மெலிசான நட் ஒன்று இருக்கிறதா? அது லாக் நட். ஹெரால்டில் இது இருக்கவேண்டும். ஆனால் அறுபது வருடத்தில் எத்தனை கை மாறியதோ, இல்லாமலும் போயிருக்கலாம். இந்த நட்டுக்கு மேல் அழுக்கு, கிரீஸ், பெயின்ட் எல்லாம் படிந்து நாப்பின் பாகம் மாதிரியே தெரியும். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு 'நாப் ஜாம்' என்று தோன்றுவது உண்மையில் கண்ணில் படாத லாக் நட்தான்.

நாப்பின் கழுத்தில் ஊசி முனை அளவோ, பயறு அளவோ துளை இருக்கிறதா? உள்ளே கிரப் ஸ்க்ரூ எனும் தலையில்லாத சின்ன ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். ஆலன் கீயில் திருகுவது, சின்னத் திருப்புளியில் திருகுவது என இரண்டு வகை உண்டு. துளை வாயில் வாக்ஸ் பாலிஷ் அடைத்துக்கொண்டிருக்கும், தையல் ஊசியால் குடைந்து எடுங்கள். ஆலன் கீ போடும்போது அங்குல அளவா மில்லிமீட்டரா என்று பார்க்காமல் ஏறக்குறைய பொருந்துவதைப் போட்டால் ஸ்க்ரூவின் உள்முகம் மழுங்கிவிடும். அதன்பிறகு துளைபோட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை.

நாப்பின் தலையில் கியர் படம் போட்ட வட்டத் தகடோ, கம்பெனி முத்திரையோ இருந்தால், அதன் ஓரத்தில் மெலிசான பிளேடை நுழைத்துப் பாருங்கள். சிலவற்றில் அது அழுத்திப் பொருத்தியதாக இருக்கும். தூக்கினால் அடியில் லீவரின் முனையைப் பிடித்திருக்கும் நட்டோ ஸ்க்ரூவோ தெரியலாம். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், லீவரின் முனை வரை துளை போனால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எண்ணெயை மேலிருந்து விடலாம்.

மரையும் இல்லை, நட்டும் இல்லை, துளையும் இல்லை, லீவர் வழவழவென்று நேரே நாப்புக்குள் போகிறது என்றால் அது அழுத்தி ஏற்றிய வகை. அதைத் திருப்பவே கூடாது, மேலே இழுக்கவேண்டும். இதைப் பிறகு சொல்கிறேன்.

கடைசியாக, நாப் எந்தப் பொருளில் செய்தது என்று பாருங்கள். காந்தத்தையும் நகத்தையும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அலுமினியமா, மரமா, பழங்காலக் கெட்டி பிளாஸ்டிக்கான கறுப்பு பேக்லைட்டா, கண்ணாடி போன்ற அக்ரிலிக்கா? சூடு காட்டுவதும் எண்ணெய் விடுவதும் இதைப் பொறுத்தே.

லாக் நட்டும் திசைக் குழப்பமும்

இதில் தடுக்கி விழாதவர் குறைவு. நட் லீவரில் கீழே இறங்கினால்தான் நாப்பை விடும். வலது மரையில் நட் கீழே இறங்க, மேலிருந்து பார்க்கும்போது அதைக் கடிகாரத் திசையில் திருப்பவேண்டும். நாப்போ எதிர்த்திசையில் வரவேண்டும். அதாவது இரண்டும் எதிரெதிராகத் திரும்பவேண்டும். 'கழற்றுவது என்றால் இடப்பக்கம்' என்ற பழக்கத்தில் நட்டையும் இடப்பக்கம் திருப்பினால், அதை நாப்போடு இன்னும் இறுக்கிக் கட்டிவிடுகிறீர்கள்.

மெலிசான ஓபன் ஸ்பேனர் ஒன்றை நட்டில் மாட்டுங்கள். சாதாரண ஸ்பேனரின் வாய் தடிமனாக இருந்தால் நாப்பில் இடிக்கும். சைக்கிள் கடைகளில் வீல் கோன் திருப்ப வைத்திருக்கும் தட்டை ஸ்பேனர் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒரு கையால் நாப்பை அசையாமல் பிடித்து, மறு கையால் நட்டைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். நட் இரண்டு சுற்று இறங்கிவிட்டால், பத்தில் ஆறு வண்டியில் நாப் கையோடு வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் கீழே மாட்டும் பகுதிக்குத் தாவிவிடுங்கள்.

லீவரைப் பிடிக்க ஒரு கட்டை

வராவிட்டால் லீவரைப் பிடிக்க ஏற்பாடு செய்யவேண்டும். வைஸ் கிரிப்பை (கவ்விப் பூட்டிக்கொள்ளும் பிளேயர்) நேரடியாக லீவரில் போட்டால் குரோம் பூச்சில் பல் பல்லாகத் தழும்பு விழும். இதற்கு மரக்கட்டைதான் சரி.

தேக்கோ வேங்கையோ, இறுக்கமான மரத்தில் ஒரே அளவில் இரண்டு துண்டு எடுங்கள். ஒரு அடி நீளம், இரண்டு விரல் தடிமன் இருந்தால் போதும். இரண்டையும் சேர்த்து வைத்து, நடுவில் ஒரு கனமான அட்டையைச் செருகி, ஜி கிளாம்ப்பால் இறுக்குங்கள். இரண்டும் சேரும் கோட்டின் மேல், ஒரு முனையிலிருந்து மூன்று விரல் தள்ளி, லீவரின் பருமனுக்குச் சமமான துளை போடுங்கள். பருமன் அளக்கும் வெர்னியர் இல்லையென்றால் லீவரில் நூலைச் சுற்றி அளந்து, வரும் நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் பருமன் கிடைக்கும். இப்போது கிளாம்ப்பை அவிழ்த்து அட்டையை எடுத்துவிட்டால், இரு துண்டிலும் அரை வட்டக் குழி இருக்கும். அட்டை இருந்த இடைவெளிதான் இறுக்கும்போது லீவரைக் கவ்வும்.

இந்த இரண்டு துண்டையும் நாப்புக்கு உடனே அடியில், லீவர் நேராக உள்ள இடத்தில் வைத்து, துளைக்கு இருபுறமும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். குழிக்குள் பழைய தோல் பெல்ட் துண்டு ஒன்றை வைத்தால் பிடி இன்னும் நன்றாக இருக்கும். இப்போது லீவருக்கு ஒரு அடி நீளக் கைப்பிடி கிடைத்துவிட்டது.

நாப்பைப் பிடிக்க ஆயில் ஃபில்டர் கழற்றும் பெல்ட் ரெஞ்ச் வாங்குங்கள். இரும்புச் சங்கிலி போட்டது வேண்டாம், ரப்பர் பட்டை போட்டதே வேண்டும். அது இல்லாவிட்டால் சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் வெட்டி, நாப்பின் மேல் இறுக்கமாக நாலைந்து சுற்று சுற்றுங்கள். நாப் முட்டை வடிவமாக இருந்தால் பட்டை வழுக்கும். டியூப் துண்டு அதற்கும் உதவும்.

இனி முக்கியமான பகுதி. கட்டையின் கைப்பிடியும் ரெஞ்சின் கைப்பிடியும் ஏறக்குறைய ஒரே பக்கம், ஒன்றுக்கொன்று சாண் இடைவெளியில் இருக்கும்படி அமையுங்கள். நாப் எதிர்த்திசையிலும் கட்டை கடிகாரத் திசையிலும் போகும்படி வைத்து, இரண்டையும் கத்தரிக்கோல் மூடுவதுபோலக் கைகளால் நெருக்குங்கள். ஒரு கையின் விசையை மறு கை வாங்கிக்கொள்ளும். லீவரின் அடிப்பாகத்துக்கு எதுவும் தெரியாது. என் நைலான் புஷ்ஷை உடைத்தது இந்தக் கட்டை இல்லாத குறைதான்.

நெருக்கும்போது சீராக அழுத்திக்கொண்டே இருப்பதைவிட, சின்னச் சின்ன வெட்டாகக் கொடுங்கள். முதல் வெட்டை இறுக்கும் திசையிலேயே கொடுத்துப் பாருங்கள். துருவின் பிடி எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதான். இறுகும் பக்கம் இம்மியளவு நகர்ந்தால்கூட அடுத்தது கழற்றும் பக்கம் நகரும்.

எண்ணெய், தட்டு, பொறுமை

அசையவில்லையா? எண்ணெய் விடுங்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. நாப்பின் துளை கீழ்நோக்கித் திறந்திருக்கிறது, எண்ணெய் மேல்நோக்கி ஏறவேண்டும். ஊற்றினால் லீவர் வழியாகக் கீழே ஓடிவிடும். அதனால் பஞ்சை எண்ணெயில் நனைத்து, நாப்பும் லீவரும் சேரும் இடத்தில் திரிபோலச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டி, ராத்திரி முழுக்க விடுங்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மரை இடுக்கில் ஏறும். காலையில் பஞ்சைப் புதுப்பித்து இன்னொரு நாள் விட்டாலும் தப்பில்லை.

எந்த எண்ணெய்? டபிள்யூடி-40 எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 1953-இல் ஈரத்தை விரட்டும் திரவமாக உருவாக்கப்பட்டது அது. பெயரே 'ஈரம் விரட்டி, 40-ஆவது முயற்சி' என்பதன் சுருக்கம்தான். உதவும், ஆனால் துருவில் ஊடுருவுவதற்கென்றே தனியாக விற்கும் எண்ணெய் இதைவிட மேல். பட்டறைகளில் சிலர் அசிட்டோனையும் பவர் ஸ்டியரிங் எண்ணெயையும் சரிபாதி கலந்து பயன்படுத்துவார்கள். வெளியே, இரும்பு போல்ட்டுக்கு நன்றாக வேலை செய்யும். காருக்குள் வேண்டாம். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். அதோடு அக்ரிலிக் நாப்பைப் பால்போல வெளுக்கவைத்து விரிசல் விடச்செய்யும். மர நாப்பில் எந்த எண்ணெயும் கறை ஏற்றும். அங்கே எண்ணெயைத் தவிர்த்துவிட்டு நேரே சூட்டுக்குப் போங்கள்.

அலுமினிய நாப்பாக இருந்தால் தட்டலும் வேண்டும். இரும்பு லீவரும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து, மரை இடுக்கை அடைத்துக்கொள்ளும். அந்தப் பொடி இரும்புத் துருவைவிட விடாப்பிடியானது. நாப்பின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கம் மரச் சுத்தியால் லேசாக, சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள். அணைப்பு இல்லாமல் தட்டினால் அடி முழுவதும் லீவரை வளைக்கப் போகும். பேக்லைட், அக்ரிலிக் இரண்டையும் தட்டவே வேண்டாம்.

சூடு

சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 10 மி.மீ. துளையை 80 டிகிரி சூடேற்றினால், லீவரும் கூடவே சூடேறினாலும் துளைக்கு 0.009 மி.மீ. அளவு இடம் கூடுதலாகக் கிடைக்கும். தலைமுடியைவிட மிகச் சின்னது. ஆனால் பொடியின் பிடியை உடைக்க அது போதும். கெட்டிலில் கொதிக்கவைத்த நீரில் துணியை நனைத்து நாப்பில் சுற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருங்கள். கொதிநீரில் ஒரு வசதி, என்ன செய்தாலும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தலைமுடி உலர்த்தும் கருவியும் சரிதான். பட்டறை ஹாட் ஏர் கன் 500 டிகிரி வரை போகும். அதைக் காருக்குள் கொண்டுவருவதாக இருந்தால் குறைந்த சூட்டில், அலுமினிய நாப்புக்கு மட்டும் காட்டுங்கள். எண்ணெய் விட்ட பஞ்சை முதலில் எடுத்துவிட வேண்டும் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

அக்ரிலிக் 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். அதற்குக் கை பொறுக்கும் சூட்டு நீரே எல்லை. பேக்லைட் இளகாது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சூடேறினால் விரிசல் விடும். ஆகவே மெதுவாக, சுற்றிலும். யுத்தத்துக்கு முந்தைய காரில் தந்தம்போல மஞ்சளேறிய வெள்ளை நாப் இருந்தால் அது செல்லுலாய்டாக இருக்கக்கூடும். அதற்குச் சூடே காட்டாதீர்கள். செல்லுலாய்டு தீப்பிடித்தால் நின்று எரியாது, பாய்ந்து எரியும்.

பிளாஸ்டிக்கிலும் மரத்திலும் நாப்புக்குள் பித்தளையிலோ இரும்பிலோ மரை போட்ட சின்னக் குழல் பதித்திருப்பார்கள். அங்கே வெளியிலிருந்து சூடு காட்டுவதில் பயன் குறைவு. பெரிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் முனையை நாப்புக்குக் கீழே லீவரோடு சேர்த்துப் பத்து நிமிடம் வைத்திருங்கள். சூடு லீவர் வழியாக உள்ளே ஏறிக் குழலை அடையும். முன்னால் வைத்திருந்தவர் யாராவது மரையில் பசை விட்டிருந்தாலும் இந்தச் சூட்டில் பலமுறை இளகிவிடும். சிவப்பு நிற மரைப் பசை மட்டும் 250 டிகிரி அளவு சூடு இல்லாமல் விடாது. எந்த பிளாஸ்டிக் நாப்பும் அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால், அப்படிப்பட்ட நாப்பைக் காப்பாற்றும் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம்.

திரும்புகிறது, ஆனால் ஏறவில்லை

லீவரில் நாப்பின் அடி ஓரத்தை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுத் திருப்புங்கள். அங்குலத்துக்கு 24 மரை உள்ள லீவரில் ஒரு சுற்றுக்கு நாப் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக ஏறவேண்டும். மூன்று சுற்று சுற்றியும் கோட்டுக்கும் நாப்புக்கும் இடைவெளி வரவில்லை என்றால், நாப் மரையில் திரும்பவில்லை. உள்ளே பதித்த குழல் லீவரோடு நிற்க, நாப் மட்டும் அதன்மேல் சுழல்கிறது.

இன்னும் சுழற்றினால் குழி பெரிதாகிக்கொண்டே போகும். நிறுத்திவிடுங்கள். குழலின் அடி விளிம்பு வெளியே தெரிந்து, அதில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான முகம் இருந்தால், அதைப் போட்டுக் குழலைத் திருப்பலாம். இல்லையென்றால் நாப்பை மேலே இழுத்தபடியே திருப்பிப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் நாப்பின் கழுத்தில் 2 மி.மீ. துளை போட்டு, குழல் தட்டுப்பட்டதும் நிறுத்தி, எபாக்ஸி பசையை ஊசியால் ஏற்றி, ஒரு நாள் காயவிட்டு மறுபடி முயலலாம். பசை மரைக்குள் இறங்காமல் இருக்க லீவரில் முன்கூட்டியே கிரீஸ் தடவிவிடுங்கள். இந்த வித்தை எனக்கு இரண்டு தடவையில் ஒரு தடவை பலித்தது.

அழுத்தி ஏற்றிய வகை

இதில் எல்லாரும் செய்வது, இரண்டு கையாலும் பிடித்து மேல்நோக்கி ஒரே இழுப்பு. விடுபடும் நொடியில் கை நேராக முகவாய்க்கட்டையிலோ கண்ணாடியிலோ போய் இடிக்கும். உதடு கிழிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலும், அந்த இழுப்பு முழுவதையும் லீவரின் அடியில் அதைப் பிடித்திருக்கும் மூடியும் வளையமும்தான் தாங்குகின்றன.

முன்பு செய்த மரக்கட்டையையே மறுபடி லீவரில் இறுக்குங்கள், நாப்புக்கு ஒரு விரல் கீழே. கட்டைக்கும் நாப்பின் அடிக்கும் நடுவே, லீவருக்கு இருபுறமும், தச்சர்கள் கதவு நிலை நிறுத்தப் போடுவதுபோல எதிரெதிராக இரண்டிரண்டு மர ஆப்புகளைச் செருகி, மாறி மாறித் தட்டுங்கள். நாப் மேலே தள்ளப்படும், கட்டை கீழே தள்ளப்படும். கியர்பாக்ஸுக்கு இங்கேயும் வேலையில்லை. கொதிநீர்த் துணியால் நாப்பை முன்னமே சூடாக்கிவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பரோ பிளாஸ்டிக்கோ இளகி இன்னும் சுலபமாக வரும்.

எதற்கும் மசியாவிட்டால்

நாப் அரிதானது, காப்பாற்றியே ஆகவேண்டும் என்றால் லீவரோடு சேர்த்து வெளியே எடுத்து வைஸில் வைத்து வேலை பார்ப்பது நல்லது. பீட்டிலில் இது சுலபம். லீவரின் அடித்தட்டை 13 மி.மீ. ஸ்பேனர் போடும் இரண்டு போல்ட்தான் பிடித்திருக்கின்றன. ஆனால் அடியில் உள்ள தடுப்புத் தகடு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று எடுப்பதற்கு முன் ஒரு போட்டோ பிடித்து, ஊசியால் கோடும் கீறிவையுங்கள். அதை மாற்றிப் போட்டால் ரிவர்ஸ் பூட்டு ஒழுங்காக வேலை செய்யாது. லீவரை வெளியே எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் இன்னொரு வசதி: எண்ணெய் இப்போது தானாகவே மரைக்குள் இறங்கும்.

நாப் சாதாரணமானது என்றால் வெட்டிவிடுங்கள். ஹேக்ஸா பிளேடால் மேலிருந்து கீழாக, எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கீறல். குழலையோ மரையையோ தொடுவதற்கு முன் நிறுத்தி, கீறலில் உளியை வைத்து ஒரு தட்டு. பேக்லைட் பிளந்துகொள்ளும். மீதிக் குழலை பிளேயரில் பிடித்துத் திருப்பலாம். பேக்லைட்டை அறுக்கும்போது முகக்கவசம் போட்டு, இடத்தை ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேக்லைட் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கிறது.

மீண்டும் மாட்டும்போது

மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, அது என்ன அளவு என்று பாருங்கள். பிரிட்டிஷ் கார்களில் யுஎன்எஃப் எனும் நெருக்கமான அங்குல மரை வகையில் 5/16 அங்குலம், 3/8 அங்குலம் இரண்டும் அடிக்கடி வரும். இரண்டிலும் அங்குலத்துக்கு 24 மரை. இந்த 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ., 8 மி.மீ. மரை கொண்ட எம்8 நாப்புக்கு ஏறக்குறைய சமம். கடைக்காரர் 'சேரும் சார்' என்பார், இரண்டு சுற்று ஏறவும் செய்யும். ஆனால் எம்8-இன் மரை இடைவெளி 1.25 மி.மீ., இதனுடையது 1.06 மி.மீ. மூன்றாவது சுற்றில் கடித்துக்கொண்டு, லீவரின் மரை போய்விடும். பீட்டிலில் 1968 மாடல் முதல் 12 மி.மீ., அதற்கு முந்தையவற்றில் அதைவிடச் சிறியது. புது நாப் வாங்கப் போகும்போது, லீவரில் கையாலேயே முழுதாக ஏறும் நட் ஒன்றைக் கண்டுபிடித்துப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடையில் அந்த நட்டின் மரையையும் நாப்பின் மரையையும் ஒரே போல்ட்டில் ஏற்றிப் பார்த்துவிடலாம்.

மரையில் காப்பர் கிரீஸ் ஒரு பொட்டு தடவுங்கள், அதிகம் வேண்டாம். முதலில் லாக் நட்டை நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, நாப்பைக் கையால் முழுக்க ஏற்றி, கியர் படம் நேராக வரும்வரை பின்னால் திருப்பி, அந்த நிலையில் லாக் நட்டை மேலே கொண்டுவந்து இறுக்குங்கள். லாக் நட் இல்லாத வண்டியில் நாப் ஆடினால், குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றி ஏற்றுங்கள். ஆட்டம் நிற்கும், அடுத்த முறை கையாலேயே கழன்றும் வரும். மரைப் பசையை மட்டும் கையில் எடுக்காதீர்கள். உங்களுக்குப் பிறகு இந்த வண்டியை வாங்குகிறவர் உங்களைத்தான் திட்டுவார்.